அசூயை என்றால் அருவருப்பு இல்லை

"அந்த இடத்தைப் பார்த்ததுமே அசூயையாக இருந்தது" என்று எழுதுவதை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். அருவருப்பு என்று நினைத்துத்தான் எழுதுகிறார்கள். தவறு. அசூயை என்றால் பொறாமை. அசூயா என்ற வடசொல் தமிழில் அசூயை ஆனது. அத்திரி முனிவரின் மனைவி அனசூயாவின் பெயரில் இருப்பதும் இதே சொல்தான், பொறாமை இல்லாதவள் என்று பொருள்.

சொல்லின் பொருள் மாறுவது இயல்புதானே, விட்டுவிடலாமே என்று கேட்கலாம். எனக்கு மனசு வரவில்லை. நல்ல குணத்தின் மேலும் குற்றத்தை ஏற்றிச் சொல்வது அசூயை என்கிறது அமரகோசம் என்ற பழைய வடமொழி நிகண்டு. உள்ளே எரிவது மட்டும் இல்லை, அது வாய் வழியாக எப்படி வெளியே வரும் என்பதும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

நாமோ அடுத்தவர் பொறாமையை முகத்தில் தேடுகிறோம். உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைத்தான் மெய்ப்பாடு என்பார்கள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல் என்று தொடங்கி எட்டு மெய்ப்பாடுகளை முதலில் சொல்கிறது. அதில் பொறாமை கிடையாது, பின்னால் வருகிற வேறு 32 மெய்ப்பாடுகளில் பொச்சாப்புக்கு, அதாவது மறதிக்கு, அடுத்ததாக வருகிறது. முகபாவங்களை ஆராய்ந்த பால் எக்மனின் ஆறு அடிப்படை உணர்ச்சிகளிலும் அது இல்லை. கோபத்துக்கும் பயத்துக்கும் இருப்பது போல இதற்கென்று ஒரு முகம் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

எங்கள் வீட்டில் பால் காய்ச்சிய அன்று சித்தி வந்திருந்தாள். யாரிடமும் சரியாகப் பேசவில்லை, பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டாள், சமையலறை மேடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அவ முகம் போன போக்கைப் பார்த்தியா, வயிறு எரியுது" என்று அம்மா ராத்திரி உப்பும் மிளகாயும் எடுத்து எங்களைச் சுற்றி அடுப்பில் போட்டாள், நானும் தலையாட்டினேன். ரெண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, மகனுக்குப் பீஸ் கட்ட முந்தின நாள்தான் வளையலை அடகு வைத்திருக்கிறாள், வெறும் கையை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று அன்று முழுக்க முந்தானைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

அதே நாள் தூரத்து உறவில் ஒரு மாமா சிரித்த முகமாக வீடு முழுக்கச் சுற்றி வந்தார். "அம்சமா இருக்கு மாப்ளே. ஆனா இந்தப் பக்கம் தண்ணி உப்பாமே? வாசலையும் கொஞ்சம் தள்ளி வெச்சிருக்கலாம். சரி, லோன்தானே, மெதுவா அடைச்சுக்கலாம்." ஒரு நல்லதையும் அவர் அப்படியே விடவில்லை. அமரகோசம் சொல்கிற அசூயை அச்சு அசலாக இதுதான், ஆனால் அன்று யாருக்கும் உறைக்கவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? பொறாமை போதும். பொறு என்ற வினையின் எதிர்மறை அது: அடுத்தவர் வாழ்வதைத் தாங்க முடியாமை. திருக்குறளில் பொறையுடைமை 16-ஆம் அதிகாரம், அழுக்காறாமை 17, ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில். அழுக்காறு என்பதும் பொறாமையேதான், ஆனால் இன்று பேச்சில் அதிகம் வருவதில்லை.

ஆனால் அந்த மாமா பேசினாரே, அதற்குப் பொறாமை என்ற சொல் கொஞ்சம் பொதுவாகப் போய்விடுகிறது. அதற்கு ஔவையார் சொல் பொருந்தும். ஆத்திசூடியில் 12-ஆவது வரி, "ஔவியம் பேசேல்". ஔவியம் என்றால் பொறாமை, குறளில் அவ்வியம் என்று வருவதும் அதுவே. ஔவையார் 'கொள்ளேல்' என்றோ 'நினையேல்' என்றோ சொல்லவில்லை பாருங்கள், பேசேல் என்கிறார். அருவருப்புக்கு அருவருப்பு என்றே எழுதுங்கள், குமட்டல் என்றும் எழுதலாம். அசூயை வருகிற இடத்தில் ஔவியம் என்று எழுதிப் பாருங்கள், ஒண்ணாம் வகுப்பிலேயே படித்த சொல்தானே, யாருக்கும் புதிதாக இருக்காது.