ஜீ.எஸ்.பி. பிளஸை நிறுத்தச் சொல்வதற்கு முன்

ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை கூடும் மாதங்களில் முகநூலில் ஒரு கோரிக்கை சுற்ற ஆரம்பிக்கும்: "இலங்கைக்கான ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகையை ஐரோப்பா நிறுத்த வேண்டும்." ஐரோப்பாவுக்குத் தீர்வையில்லாமல் சாமான் அனுப்ப விடுகிற ஏற்பாடுதான் ஜீ.எஸ்.பி. பிளஸ். கோபம் புரிகிறது. வழக்கில்லாமல் ஆட்களைத் தடுத்துவைக்க இடம்கொடுக்கும் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் தற்காலிகம் என்று வந்தது, இன்றும் போகவில்லை. காணாமல்போனவர்களின் அம்மாமார் இன்னும் தெருவோரத்தில் இருக்கிறார்கள். ஆனால் நிறுத்தச் சொல்கிற பலருக்கு அந்தச் சலுகை எப்படி வேலை செய்கிறது, அதை நிறுத்தினால் வலி எந்த வழியாக யாரிடம் போய்ச் சேரும் என்பது தெரியாது.

நான் கொழும்பில் ஏற்றுமதி ஆவண வேலை செய்பவன். ஆடைகளுக்கும் செய்கிறேன், கடலுணவுக்கும் செய்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் இந்த இரண்டு துறைகளிலும் இலங்கை அரசாங்கத்தை நெருக்கியிருக்கிறது. ஒன்றில் நினைத்தது நடந்தது. மற்றதில் நேரெதிராக நடந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்தக் கருவி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது விளங்கும்.

முதலில் ஆடைகள். ஐரோப்பாவுக்குள் போகும் ஒரு சேர்ட்டுக்குச் சாதாரண இறக்குமதித் தீர்வை 12 வீதம். வளர்முக நாடுகளுக்கான பொதுச் சலுகை இருந்தால் 9.6 வீதம். ஜீ.எஸ்.பி. பிளஸ் இருந்தால் பூச்சியம். அதற்குப் பதிலாக மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சூழல், நல்லாட்சி தொடர்பான 27 சர்வதேச சமவாயங்களை நாடு நடைமுறைப்படுத்த வேண்டும். இலங்கைக்கு இது 2005 இல், சுனாமிக்குப் பிறகு கிடைத்தது. சலுகை போனாலும் சாமான் போகலாம், தீர்வை கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

2008 ஒக்டோபரில் ஐரோப்பிய ஆணைக்குழு விசாரணையைத் தொடங்கியது. அரசாங்கம் ஒத்துழைக்க மறுத்தது. 2009 ஒக்டோபரில் வந்த அறிக்கை மூன்று சமவாயங்களைச் சுட்டிக்காட்டியது: குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள், சித்திரவதைக்கு எதிரானது, சிறுவர் உரிமைகள். 2010 ஆகஸ்ட் 15 முதல் சலுகை நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பு ஜூன் மாதம் ஒரு கடைசி வாய்ப்பும் கொடுத்தார்கள். 15 நிபந்தனைகள், எழுத்தில் வாக்குறுதி தந்தால் சலுகை நீடிக்கும் என்றார்கள். அந்த நிபந்தனைகளில் ஒன்று அரசியலமைப்பின் 17 ஆவது திருத்தத்தை, அதாவது சுயாதீன ஆணைக்குழுக்களுக்கான ஏற்பாட்டை, நடைமுறைப்படுத்துவது.

கொழும்பு மறுத்தது. போரில் வென்று, 2010 இல் ஜனாதிபதித் தேர்தலையும் பொதுத் தேர்தலையும் வென்ற அரசாங்கம் அது. வெளிநாட்டுக்காரன் நிபந்தனை போடுகிறான் என்பதே அவர்களுக்கு நல்ல மேடைப் பேச்சாகிவிட்டது. சலுகை நின்று நான்கு கிழமைகூட ஆகவில்லை, செப்டம்பர் 8 ஆம் திகதி 18 ஆவது திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஐரோப்பா உயிர்கொடுக்கச் சொன்ன 17 ஆவது திருத்தத்தின் சாரத்தை அது பிடுங்கி எறிந்தது. ஜனாதிபதி இரண்டு தடவைக்கு மேல் போட்டியிட முடியாது என்ற தடையையும் சேர்த்து நீக்கியது. அடுத்த வருடம் அவசரகாலச் சட்டத்தை விலக்கினார்கள். ஆனால் அதன் வேலையைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிகள் செய்தன.

அப்படியானால் அந்த 9.6 வீதத்தின் வலி எங்கே போனது? இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எங்கள் மேசைக்கு வரும் தாள்களில்தான் இது தெரியும்.

தீர்வையை இலங்கை அரசாங்கம் கட்டுவதில்லை. தொழிற்சாலையும் நேரடியாகக் கட்டுவதில்லை. ஐரோப்பியத் துறைமுகத்தில் சாமானை எடுக்கும் பையர்தான் கட்டுகிறார். ஒரு இலட்சம் யூரோ பெறுமதியான கொன்டெய்னருக்கு 9,600 யூரோ. அவர் என்ன செய்வார்? அடுத்த சீசன் விலை பேச வரும்போது அந்தத் தொகையை மேசையில் வைப்பார். "பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்பார், சிலர் முழுவதையும் கேட்பார்கள். தொழிற்சாலைக்காரர் எதைக் குறைக்க முடியும்? துணி எந்த மில்லில் வாங்க வேண்டும், ஸிப் எந்தக் கம்பனி, லேபல் எங்கே அச்சடிப்பது என்று பெரும்பாலும் பையரே சொல்லிவிடுவார். அந்த விலைகளில் கைவைக்க முடியாது. மிஞ்சுவது தைப்புக் கூலி மட்டும். ஆகவே மணித்தியால டார்கெட் ஏறும், ஓவர்டைம் வெட்டுப்படும், வரவுக் கொடுப்பனவுக்குப் புதிய நிபந்தனை வரும். பிரசல்ஸில் எடுத்த முடிவு கட்டுநாயக்கா வர்த்தக வலயத்தில் ஒரு தையல் வரிசையில் போய் முடிகிற வழி இதுதான். கொழும்பில் கையெழுத்துப் போட மறுத்தவரின் வீட்டுப் பக்கமே அது போகவில்லை.

பெரிய குழுமங்கள் தாக்குப்பிடித்தன. அவர்களுக்கு வெளிநாட்டிலும் தொழிற்சாலை இருந்தது, அமெரிக்கச் சந்தை இருந்தது, உள்ளாடை போன்ற எளிதில் மாற்ற முடியாத தயாரிப்புகள் இருந்தன. நாட்டின் மொத்த ஆடை ஏற்றுமதி குறையவில்லை, 2011 இல் கூடியது. (அந்த வருடம் உலகச் சந்தையில் பருத்தி விலை எகிறியதால் துணியின் பெறுமதி ஊதிப் பெருத்தது என்பதை யாரும் மேடையில் சொல்லவில்லை.) மொத்தத் தொகையைக் காட்டி "பார்த்தீர்களா, ஒன்றும் நடக்கவில்லை" என்று அரசாங்கம் சொல்ல முடிந்தது. பெரிய தொழிற்சாலைகளிடம் உபஒப்பந்தத்தில் தைத்துக் கொடுத்த சிறிய இடங்களில் நடந்தது அந்தத் தொகைக்குள் தெரியாது.

இன்னொன்றும் அதே நேரத்தில் நடந்தது. 2011 ஜனவரி முதல் ஐரோப்பா தன் உற்பத்தி மூல விதிகளை மாற்றியது. பங்களாதேஷ் போன்ற மிக வறிய நாடுகள் எந்த நாட்டுத் துணியை இறக்கித் தைத்தாலும் தீர்வையில்லாமல் அனுப்பலாம் என்றாகிவிட்டது. எங்கள் பக்கம் சலுகை போன அதே வேளையில் போட்டிக்காரருக்கு வழி அகலமாகியது. போன ஓடர் அப்படியே திரும்பி வரும் என்று யாரும் நினைக்கக் கூடாது. அந்தத் தளர்வு ஜீ.எஸ்.பி. பிளஸ் நாடுகளுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீனத் துணியை இறக்கி இங்கே வெறுமனே வெட்டித் தைத்த சேர்ட்டுக்கு இன்றும் பூச்சியம் கிடைக்காது. "ஐரோப்பாவுக்குப் போகும் எல்லாமே சலுகையில்தான் போகிறது" என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

போருக்குப் பிறகு ஆடைத் தொழில் கிளிநொச்சிக்கும் மட்டக்களப்புப் பக்கமும் வந்தது. அங்கே இயந்திரத்தின் முன் இருப்பவர்களில் போரில் வீட்டில் ஆள் இழந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நீதி வேண்டும் என்று கேட்டுத்தான் நாங்கள் சலுகையை நிறுத்தச் சொல்கிறோம். இதை நினைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

சரி, மீனுக்கு வருவோம்.

2012 நவம்பரில் இலங்கைக்கு ஐரோப்பா மஞ்சள் அட்டை, அதாவது தடைக்கு முந்திய எச்சரிக்கை, காட்டியது. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை, ஆழ்கடலுக்குப் போகும் படகுகள் எங்கே நிற்கின்றன என்பதைக் கண்காணிக்க வழியில்லை, தவறு செய்கிறவர்களுக்குத் தண்டனை போதாது என்பவைதான் குற்றச்சாட்டுகள். இரண்டு வருடம் இழுபட்டது. 2014 ஒக்டோபரில் தடை அறிவிக்கப்பட்டு 2015 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. இது உண்மையான தடை, தீர்வை கட்டினாலும் மீன் உள்ளே போகாது. 2013 இல் ஐரோப்பா இலங்கையிடம் வாங்கிய மீனின் பெறுமதி சுமார் 74 மில்லியன் யூரோ. சூரையும் வாள்மீனும் அதில் முக்கியம். ஐஸ் போட்டு விமானத்தில் போகும் சரக்கு அது, களஞ்சியத்தில் வைத்து நல்ல காலம் வரும் என்று காத்திருக்க முடியாது.

2016 ஜூனில் தடை நீங்கியது. ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. ஆழ்கடல் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பொருத்தினார்கள், லொக் புத்தகம் எழுதுவது கட்டாயமாகியது, தண்டப்பணம் கூடியது, சட்டம் திருத்தப்பட்டது. எந்தப் படகில், எங்கே பிடித்த மீன் என்று காட்டும் கெட்ச் சேர்ட்டிபிகேட் முன்பும் இருந்தது. ஆனால் அதில் எழுதியதை ஒப்பிட்டுப் பார்க்க இப்போது படகின் பாதையே திரையில் இருந்தது.

இது ஏன் பலித்தது? ஆட்சி மாறியதும் ஒரு காரணம், அதை மறைக்கக் கூடாது. தடை வந்த அதே மாதம்தான் புதிய ஜனாதிபதி பதவியேற்றார், ஐரோப்பாவோடு நல்லுறவு வேண்டும் என்று நினைத்த அரசாங்கம் அது. ஆனால் அதே அரசாங்கம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாகச் சொல்லி நீக்கவில்லையே. என் கணக்கில் பெரிய வித்தியாசம் கேட்ட விஷயத்தில் இருக்கிறது. படகில் கருவி இருக்கிறதா இல்லையா என்று போய்ப் பார்த்துச் சொல்லலாம். அதைச் செய்து முடிக்க ஒரு அமைச்சும் ஒரு திணைக்களமும் போதும். தடையால் அடிபட்ட படகு முதலாளியும் மாற வேண்டிய படகு முதலாளியும் ஒரே ஆள். கருவி பொருத்தியதால் எந்த அமைச்சருடைய அதிகாரமும் குறையவில்லை. சுயாதீன ஆணைக்குழு அப்படியல்ல, அது அதிகாரத்தில் இருப்பவரின் கையைக் கட்டுகிற ஏற்பாடு. தையல்காரப் பெண்ணின் ஓவர்டைம் போகிறதே என்பதற்காக எந்த ஆட்சியாளரும் தன் கையைக் கட்டிக்கொள்ள மாட்டார்.

ஜீ.எஸ்.பி. பிளஸுக்கும் ஒரு நல்ல காலம் இருந்தது. ஆனால் அது பறித்த பிறகு வந்த காலமல்ல, திரும்பத் தருகிறோம் என்று காட்டிய காலம். 2016 இல் வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான சமவாயத்தை இலங்கை ஏற்றுக்கொண்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் அதே வருடம் வந்தன. சலுகைக்கு விண்ணப்பித்ததும் அந்த வருடம்தான், 2017 மே மாதம் திரும்பக் கிடைத்தது. எல்லாம் சலுகைக்காகச் செய்யப்பட்டவை என்று சொல்ல மாட்டேன், உள்ளூரில் போராடியவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய கைக்கு அது ஒரு பிடி கொடுத்தது. அப்புறம் 2021 ஜூனில் சலுகையை மீண்டும் நிறுத்துவது பற்றி ஆராயுமாறு ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. 2022 மார்ச்சில் பயங்கரவாதத் தடைச் சட்டம் திருத்தப்பட்டது, தடுப்புக்காவல் உத்தரவின் உச்சகாலம் 18 மாதத்திலிருந்து 12 ஆகக் குறைந்தது. போதாத திருத்தம்தான். ஆனால் 2010 இல் பறித்தபோது இவ்வளவுகூடக் கிடைக்கவில்லை.

கம்போடியாவிலும் இதே கதை. 2020 ஆகஸ்டில் ஐரோப்பா சலுகையில் ஒரு பகுதியை, ஏற்றுமதியில் சுமார் ஐந்தில் ஒன்றை, நிறுத்தியது. 2023 தேர்தலில் பிரதான எதிர்க்கட்சியைப் போட்டியிடவே விடாமல் அப்போதைய பிரதமர் ஹுன் சென் வென்றார்.

தனிநபர்கள் மீதான தடை வேறு வகை. அமெரிக்கா 2020 பெப்ரவரியில் அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவுக்கு விசா மறுத்தது. கனடா 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதிகள் மஹிந்த, கோட்டாபய ராஜபக்ச இருவர் மீதும் தடை போட்டது. 2025 மார்ச்சில் பிரித்தானியா மூன்று முன்னாள் படைத் தளபதிகளையும் புலிகளிலிருந்து பிரிந்துபோன கருணாவையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. வெளிநாட்டில் சொத்து இல்லாதவருக்கு இதில் பெரிய நட்டமில்லை, பட்டியலில் பெயர் வந்தது உள்ளூரில் வீரப்பட்டமாகவும் மாறலாம். ஆனாலும் இந்த வகையைத்தான் நான் விரும்புவேன். இதனால் ஒரு கொன்டெய்னரும் நிற்காது.

ஆகவே அடுத்த தடவை அந்தக் கோரிக்கை உங்கள் திரையில் வரும்போது, "நிறுத்து" என்பதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு நீங்க வேண்டும், எந்தத் திகதிக்குள், அதை யார் போய்ப் பார்ப்பது, செய்தால் என்ன திரும்பக் கிடைக்கும் என்று இருந்தால் அது பேரம். இல்லாவிட்டால் அது வெறும் கோபம், அதன் செலவு உங்களுக்கல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்புக் குழு சலுகை நடைமுறையில் இருக்கும்போதே இங்கே வந்து போகிறது, 2025 இலும் வந்தது. அவர்கள் அரசாங்கத்தை மட்டும் பார்ப்பதில்லை, தொழிற்சங்கங்களையும் சிவில் அமைப்புகளையும் சந்திக்கிறார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் யார், எப்போது, எந்தப் பிரிவில், எத்தனை மாதம் உள்ளே இருந்தார் என்ற விபரத்தைத் திகதியோடு எழுதி அந்தக் கூட்டங்களுக்குப் போகிறவர்களிடம் கொடுங்கள். பெயரை வெளியிடலாமா என்று முதலில் குடும்பத்தாரிடம் கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அதே விபரத்தைத் தங்கள் பகுதி ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்பலாம்.