பாலிமர்: தமிழில் பலபடி

ஹேர் ஜெல், சன்ஸ்கிரீன், ஷாம்பு டப்பாவைத் திருப்பினால் கார்போமர், அக்ரிலேட்ஸ் கோபாலிமர், பாலிகுவாட்டர்னியம்-7 என்று பொடி எழுத்தில் இருக்கும். எல்லாம் செயற்கைப் பாலிமர்களே.

கிரேக்கத்தில் 'பாலி' என்றால் பல, 'மெரோஸ்' என்றால் பகுதி. 1833-இல் சுவீடன் வேதியியலர் பெர்சீலியஸ் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது அவர் மனத்தில் இருந்தது வேறு: தனிமங்களின் விகிதம் ஒன்றாகவும் மூலக்கூறின் அளவு வேறாகவும் உள்ள சேர்மங்கள். சிறு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி என்ற இன்றைய பொருளுக்கு ஜெர்மன் வேதியியலர் ஸ்டாடிங்கரின் 1920 கட்டுரைதான் அடிப்படை. அவருக்கு 1953-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது பலபடி. இலங்கையில் பல்பகுதியம். பல்லுறுப்பி என்பாரும் உண்டு. கிரேக்க மூலத்தை ஒட்டியது பல்பகுதியம்தான். ஆனாலும் பலபடியாக்கல் (பாலிமரைசேஷன்), இணைபலபடி (கோபாலிமர்) என்று கிளைக்க வசதியானது பலபடியே. 'பிசின்' பொருந்தாது, அது பலபடிகளில் ஒரு வகை மட்டுமே. பிளாஸ்டிக் என்பதும் தவறு.

கார்போமர் என்பது சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புள்ள பாலிஅக்ரிலிக் அமிலம். ஜிகர்தண்டாவில் பாதாம் பிசின் ஊறுவதுபோல இதுவும் நீரில் உப்பும், ஆனால் காரம் (அமிலத்தை நடுநிலையாக்கும் பொருள்) சேர்த்த பிறகுதான் முழுதாக. 100 கிராம் ஜெல்லுக்கு அரை கிராம் பொடி போதும். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே டீ வடிகட்டியால் தூவ வேண்டும்; மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழவழப்பும் உள்ளே காய்ந்த பொடியுமாகக் கட்டி தட்டும், பிறகு கரைவது கடினம். அரை மணி நேரம் ஊறியதும் கலங்கலாக, நீர்த்தே இருக்கும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் 3 அளவில். ட்ரைஎத்தனாலமைன் என்ற காரத்தை முக்கால் கிராம் வரை சொட்டுச் சொட்டாக விட்டு 6, 7-க்குக் கொண்டுவந்தால் சங்கிலியில் எதிர்மின் ஏற்றம் கூடி, ஒன்றையொன்று தள்ளி விரிந்து, தெளிந்த ஜெல்லாகிறது. ஜெல்லான பிறகு வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழி சிக்கி வெளியேறாது.

மதுரைப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் செய்தால் ஜெல் இளகிவிடும். கால்சியம், மக்னீசிய அயனிகள் அந்த ஏற்றத்தை மறைத்துவிடுவதால் சங்கிலி சுருங்குகிறது. வீட்டுக் கற்றாழைச் சாற்றிலும் தாது உப்புகள் உண்டு, அதுவும் இதே வேலையைச் செய்யும். வாலை வடித்த நீர்தான் வேண்டும். கெடாமல் காக்கும் பதப்படுத்துப் பொருளும் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

பாலிகுவாட்டர்னியம் நேர்மின் ஏற்றமுள்ளது. முடியில் படிந்து சிக்கைக் குறைக்கும். கார்போமர் ஜெல்லில் அதைக் கலந்தால் எதிரெதிர் ஏற்றங்கள் பிணைந்து திரிதிரியாகப் பிரியும். கண்ணாடிப் புட்டியில் உள்ள கார்போமர் ஜெல்லை வெயில் படும் ஜன்னலில் வைக்கக் கூடாது. புற ஊதாக் கதிர் சங்கிலியை அறுத்து நீர்த்துப்போகச் செய்யும்.