பல்லைக் கடித்தால் கால் இறுகும்

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஐயா, ஞாயிறு காலையில் கோயில் மண்டபத்தில் யோகா வகுப்புக்குப் போகிறேன். குனிந்து கால்விரலைத் தொடச் சொல்லும்போது ஆசிரியை 'நல்லா முயற்சி பண்ணுங்க' என்கிறார். அதே மூச்சில் 'தளர்வா விடுங்க' என்கிறார். எதைத்தான் செய்வது? நான் இழுக்க இழுக்கத் தொடைக்குப் பின்னால் இன்னும் இறுகுகிறது. 54 வயதாகிவிட்டதாலா?"

வயதுக்கும் கொஞ்சம் பங்கு உண்டுதான். ஆனால் முழுப் பழியையும் அதன் தலையில் போடாதீர்கள் அம்மா. நீங்கள் இழுக்கும்போது எதிர்த்து இழுப்பதில் உங்கள் தண்டுவடத்துக்கும் பங்கு இருக்கிறது. அதுவும் உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு.

ஆசிரியை சொல்வது பழைய பேச்சு. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனத்தைப் பற்றி இருப்பது மூன்றே வரி. முதல் வரி 'ஸ்திரசுகம் ஆசனம்', அதாவது அசையாமலும் சுகமாகவும் இருப்பது. அடுத்த வரியிலேயே முயற்சியைத் தளர்த்தச் சொல்லிவிடுகிறார். அவர் பேசியது தியானத்துக்கு உட்காரும் இருக்கையைப் பற்றி. கால்விரலைத் தொடுவதெல்லாம் அந்த நூலில் கிடையாது. ஆனாலும் குனிகிற உடம்புக்கும் அந்த இரண்டு சொல்லும் பொருந்துகின்றன.

தசை சுருங்கும், தளரும், நரம்பு கட்டளை கொண்டுவரும். இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். அங்கே அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது: தசை தன் நீளத்தைத் தானே அளந்துகொண்டே இருக்கிறது. அளக்கும் கருவிக்குத் தசைக்கதிர் என்று பெயர். நூல் நூற்கும் கதிர்போல நடுவில் பருத்து, இரண்டு முனையிலும் மெலிந்து, சில மில்லிமீட்டர் நீளத்தில் தசைக்குள் புதைந்து கிடக்கும். அதன் நடுப்பகுதியை ஒரு நரம்பு முனை கம்பிச்சுருள் மாதிரி சுற்றியிருக்கிறது. தசை நீண்டால் சுருள் விரியும், நரம்பு படபடக்கும். மெதுவாக நீட்டினால் முணுமுணுப்பு. வெடுக்கென்று நீட்டினால் கூச்சல்.

அந்தக் கூச்சல் மூளையைக் கேட்டுக்கொண்டு இருப்பதில்லை. தண்டுவடத்துக்குள் நுழைந்ததும், அதே தசையை இயக்கும் நரம்பணுவை நேராகத் தொடுகிறது. இடையில் தரகர் யாரும் இல்லை. 'நீள்கிறேன்' என்று தசை சொல்கிறது, 'சுருங்கு' என்று பதில் வந்துவிடுகிறது. டாக்டர் முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டியதும் கால் உதறுகிறதே, அது இதுதான். நீங்கள் கண் சிமிட்டி முடிப்பதற்குள் தசைக்குக் கட்டளை போய்ச் சேர்ந்திருக்கும்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. அந்தக் கதிருக்குள்ளேயே சில பொடி தசைநார்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தனியாகக் காமா நரம்புகள். இந்த நார்கள் கையையும் அசைக்காது, காலையும் அசைக்காது. கதிரை இழுத்துப் பிடிப்பது மட்டுமே அவற்றின் வேலை. உறுமி மேளத்தின் தோலை இறுக்கிக் கட்டினால் விரல் பட்டாலே அதிரும் அல்லவா, அதேபோல. லார்ஸ் லெக்செல் என்ற சுவீடன்காரர் 1945இல் இதைக் காட்டினார். பிற்பாடு மூளைக் கட்டிகளுக்கு 'காமா கத்தி' என்ற கதிர்வீச்சுக் கருவியை உருவாக்கியவரும் அவரே. அந்தக் காமா வேறு, இந்தக் காமா வேறு.

ஆக, நம் உடம்பின் கூச்ச சுபாவம் ஒரே அளவில் இருப்பதில்லை, கூட்டலாம், குறைக்கலாம். கதிரில் மட்டுமல்ல, தண்டுவடத்திலும். 1880களில் ஹங்கேரியில் எர்னோ யெண்ட்ராஷிக் என்ற மருத்துவர் கவனித்த ஒன்றை வீட்டிலேயே செய்து பாருங்கள். உயரமான நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்காருங்கள். இரண்டு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து எதிரெதிராக இழுங்கள். அந்த நேரம் யாரையாவது முழங்காலுக்குக் கீழே தட்டச் சொல்லுங்கள். சும்மா இருந்தபோது லேசாக அசைந்த கால் இப்போது நன்றாகவே உதறும். இறுகியது கை, உஷாரானது கால்! பல்லைக் கடித்தாலும் இதே கதைதான். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். குனிந்து நிற்கும்போது அந்தப் புத்திமதியைக் கேட்டால் தொடை இன்னும் முரண்டு பிடிக்கும்.

சரி, அப்படியானால் துணிபோலத் தொங்கிவிடலாமா? கூடாது. தே தாரேக் கிளாஸைத் தூக்கும்போது மேற்கையின் முன்தசை சுருங்குகிறது; பின்தசைக்கு 'நீ விட்டுக்கொடு' என்று தண்டுவடமே சொல்லிவிடுகிறது. சார்லஸ் ஷெரிங்டன் இதை விரிவாக ஆராய்ந்தார். நரம்பணுக்கள் பற்றிய பணிக்காக 1932இல் நோபல் பரிசை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டார். குனியும்போதும் இதே கணக்கு. முன்தொடையை இறுக்கி முழங்காற்சில்லை மேலே இழுத்தால் பின்தொடைக்குத் தளரச் சொல்லி ஆணை போகிறது. ஆசிரியை முரணாகப் பேசவில்லை. முயற்சி முன்தொடைக்கு, தளர்வு தாடைக்கு. மூச்சை நீளமாக வெளியே விடுங்கள், அப்போது இதயத் துடிப்பும் சற்றுக் குறையும்.

நான் இளவயதில் தம் பிடித்து, எம்பி எம்பிக் குனிந்து, பின்தொடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் நொண்டினேன். தாவரவியல் பூங்காவில் காலையில் தைச்சி செய்யும் சீனப் பாட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் எம்புவதே இல்லை. மெதுவாகப் போய் நின்றால் கதிர் அடங்கிவிடுகிறது. சில வாரத்தில் கை எட்டும் தூரம் கூடுவதுகூட, பெரும்பாலும் தசை நீண்டு வளர்ந்ததால் அல்ல. அந்த இழுப்பை மூளை பொறுத்துக்கொள்ளப் பழகுவதால்தான். ஆனால் மின்சாரம் அடித்ததுபோல் வலி காலுக்குள் இறங்கினால் அது தசையின் புகார் அல்ல, நரம்பின் புகார். நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இவ்வளவு அழகான காரணம் உடம்புக்குள்ளேயே இருக்கும்போது, 'முறுக்கினால் நச்சு வெளியேறும்' என்று சில வகுப்புகளில் சொல்வதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். அந்த வேலைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. உடம்பு துண்டு அல்ல, பிழிவதற்கு. ஜூன் 21 யோகா நாள் வந்தால் பதாகைக்கும் டி-சட்டைக்கும் எப்படியோ காசு கிடைத்துவிடுகிறது. அதில் கொஞ்சத்தை எடுத்து, நம் ஊர் மூத்தவர்களின் தொடையில் மின்முனைகளை ஒட்டி, எந்தச் சொல்லைக் கேட்டால் தசை அடங்குகிறது என்று அளந்து பார்க்கலாம். குளுகோரில் யுஎஸ்எம் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆர்வமுள்ள மாணவர் யாராவது வந்தால் மண்டபத்துக்கு நான் சொல்லி வைக்கிறேன். பசியாறலும் என் செலவு.