தண்ணீர் மெஷினுக்குள் ஒரு பாலைவனம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் எங்கள் கடைவரிசையில், கோப்பிக் கடையை ஒட்டி ஒரு தண்ணீர் மெஷின் நிற்கிறது. சில்லறை போட்டால் போத்தல் நிறையும். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒருநாள் கேட்டேன்: "ஏங்க்கா, வீட்டுப் பைப்புல வராததா?" "அது குழம்புக்கு, இது குடிக்க" என்றார்.

பினாங்கின் குழாய்நீரில் பெரும்பகுதி மூடா ஆற்றுத் தண்ணீர். நன்றாகச் சுத்திகரித்துத்தான் வருகிறது; உப்பு என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. மெஷினுக்குள் இருக்கும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு பரவல்) உருளையோ உவர்நீரையும் கடல்நீரையும் குடிநீராக்கப் பிறந்தது. மழை கொட்டுகிற ஊரில் அது பாதி நேரம் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறது என்பது என் எண்ணம்.

நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும். மாங்காய்க்குள் இருந்த நீர், தன் செல்களின் சவ்வைத் தாண்டி உப்பு அதிகமுள்ள பக்கம் போய்விட்டது. இதுதான் சவ்வூடு பரவல். உப்பிலிருந்து நல்ல தண்ணீரைப் பிரிக்க, இதே ஓட்டத்தைத் திருப்ப வேண்டும்; அதுதான் ஆர்.ஓ. அதற்கு உப்புப் பக்கத்தைப் பிடித்து அழுத்த வேண்டும்.

எவ்வளவு அழுத்தம்? கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதன் எதிர்ப்பைச் சமாளிக்க மட்டுமே ஏறக்குறைய 27 பார் (அழுத்தத்தின் அளவு) தேவை. அதாவது பினாங்கின் கொம்தார் கோபுரத்தைவிட உயரமான ஒரு நீர்த்தூணின் கனம். அதற்கு மேல் தள்ளினால்தான் நல்ல தண்ணீர் கசியவே ஆரம்பிக்கும். ஆலைகளில் 55 முதல் 70 பார் வரை போகிறார்கள். தூண் பினாங்குத் தீவின் கொடிமலை உச்சியை எட்டிப் பார்க்கிற உயரத்துக்கு வந்துவிடும்.

சரி, அழுத்தலாம். ஆனால் அதைத் தாங்கிக்கொண்டு உப்பை மட்டும் நிறுத்தும் சவ்வு எது? 1950களில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில், புகைப்படச் சுருளுக்குப் பயன்பட்ட செல்லுலோஸ் அசிட்டேட் படலம் உப்பைத் தடுப்பதைக் கண்டார்கள். தண்ணீர்தான் சொட்டுச் சொட்டாக வந்தது, ஊருக்குக் கொடுக்க ஆகாது. படலத்தை மெல்லியதாக்கினால் கிழியும், தடிப்பாக்கினால் நீர் வராது.

முடிச்சை அவிழ்த்தவர்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் இருந்த இருவர்: அமெரிக்கரான சிட்னி லோப், இந்தியாவிலிருந்து போன ஸ்ரீனிவாச சௌரிராஜன். (திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர்!) படலத்தை வெந்நீரில் பதப்படுத்திச் சோதித்தார்கள். ஒரு தடவை வேலை செய்யும், மறு தடவை செய்யாது. காரணம் சிரிப்பு வரவழைப்பது: படலத்தைத் திருப்பி வைத்திருந்தார்கள். அதன் இரு முகங்களும் ஒன்றல்ல. ஒரு பக்கம் மிக மெல்லிய, இறுக்கமான தோல். மறுபக்கம் பஞ்சு போன்ற தடிப்பு. தோல் உப்பைத் தடுக்கும், பஞ்சு தோலைத் தாங்கும். தோல் உப்புநீரைப் பார்த்து இருந்தால்தான் பலன். இதைப் புரிந்துகொண்டு, வேண்டுமென்றே அப்படிப்பட்ட சவ்வை அவர்களே வார்த்தார்கள். தண்ணீர் பல மடங்கு வேகமாக வந்தது.

அப்புறம் அது ஊர் ஊராகப் போனது. கலிஃபோர்னியாவில் கோலிங்கா என்ற ஊருக்கு ஒரு காலத்தில் குடிநீர் ரயிலில் வந்தது. அங்கே 1965இல் உவர்நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. ஆலை ஓடத் தொடங்கியது. லோப் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார். சௌரிராஜன் கனடாவின் ஒட்டாவாவில் ஆய்வைத் தொடர்ந்தார். இன்றைய உருளைகளில் இருப்பது பாலிஅமைட் சவ்வு. ஆனாலும் அதே மெல்லிய தோல், கீழே தாங்கும் பஞ்சு என்ற யோசனைதான்.

மின்சாரம்தான் பெரிய செலவு. நல்ல ஆலையிலும் கடல்நீரிலிருந்து 1,000 லிட்டர் குடிநீர் எடுக்கச் சுமார் 3 யூனிட் ஆகும். முன்பு இன்னும் அதிகம். வெளியேறும் உப்புநீரில் மிச்சமிருக்கும் அழுத்தத்தைப் பிடித்து, உள்ளே வரும் நீருக்குக் கொடுக்கும் கருவி வந்த பிறகே குறைந்தது.

அந்த உப்புநீர் இன்னொரு தலைவலி. கடலோர ஆலை அதைக் கடலில் விடுகிறது. உள்நாட்டு வறண்ட ஊர் எங்கே விடும்? அகலமான குட்டைகளில் வெயிலில் காயவைக்கிறார்கள், உப்பு மட்டும் குவிகிறது.

எங்கள் மெஷினின் பின்னாலும் ஒரு மெல்லிய குழாய் உண்டு. சவ்வைத் தாண்டாத தண்ணீர் அதன் வழியே கால்வாயில் விழுகிறது. அக்காவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். குனிந்து பார்த்தார். "அப்போ, இந்தத் தண்ணிக்கும் நாமதான் காசு கட்டுறோமா?"