வங்கம் முதல் கப்பல் வரை

ஐப்பசி பிறந்துவிட்டால் 'வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை' என்று வானிலை அறிவிப்பு நாள்தோறும் வரும். மார்கழி முடியும்போது அதே சொல் கோயிலில் ஒலிக்கும்: 'வங்கக் கடல் கடைந்த மாதவனைக் கேசவனை.' திருப்பாவையின் முப்பதாம் பாசுரம். இரண்டும் ஒரே கடல் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆண்டாள் சொன்னது வங்காள விரிகுடாவை அன்று. அங்கே வங்கம் என்றால் மரக்கலம். கப்பல்கள் உலவும் கடலைக் கடைந்தவன் என்பது பொருள். பாற்கடலில் ஏது கப்பல் என்று கேட்டால், கடலுக்கு இயல்பாகச் சேர்க்கும் அடைமொழி என்றுதான் விடை சொல்ல வேண்டும். நாட்டின் பெயரான வங்கம் வேறு. ஈயத்துக்கும் வங்கம் என்றொரு பெயர் உண்டு. எழுத்து ஒன்றாக இருப்பதால் மூன்றையும் ஒரே வேரில் கட்டிவிடக் கூடாது.

வங்கம் எப்படிப்பட்ட கலம் என்பதை அகநானூறு 255ஆம் பாடல் காட்டிவிடுகிறது. 'உலகுகிளர்ந் தன்ன உருகெழு வங்கம்' என்கிறார் மருதன் இளநாகனார். உலகமே பெயர்ந்து கிளம்பியதுபோல் அச்சம் தரும் உருவம். அது இரவும் பகலும் நிற்காமல், காற்று அசைத்துச் செலுத்த, கடல்நீரைப் பிளந்துகொண்டு போகிறது. நீகான் மாடத்து விளக்கொளியைப் பார்த்துத் திசையறிந்து ஓட்டுகிறான். நீகான் என்பவன் கலத்தைச் செலுத்துபவன். மாலுமி என்ற சொல்லுக்குப் பழக்கப்பட்ட நாம் இவனை மறந்தே போனோம். காற்றின் உந்தல், இரவுப் பயணம், கரைவிளக்கு, வழிகாட்டி எல்லாம் இருப்பதால் இது ஆழ்கடல் ஓடும் பெருங்கலம் என்பதில் ஐயமில்லை.

நாவாயும் கடலோடிதான். 'கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து' என்ற குறள் (496) பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கரிகாலனைப் பாடிய வெண்ணிக்குயத்தியார், 'நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி, வளிதொழில் ஆண்ட உரவோன் மருக' என்கிறார் (புறம் 66). காற்றையே வேலைவாங்கியவனின் வழித்தோன்றலே என்று விளிப்பதால், பாய்மரக் கலம் என்பது தெளிவு. கடற்படையைக் குறிக்கும் நேவி என்ற ஆங்கிலச் சொல் நாவாயிலிருந்து போனது என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் ஓய்வில்லாமல் சுற்றுகிறது. நேவிக்கு மூலம் லத்தீன் நாவிஸ். அதற்கு உறவு கிரேக்க நௌஸும் வடமொழி நௌவும். நாவாயை இந்த நௌவோடு சேர்ப்பவர்கள் உண்டு. நாவுதல், அதாவது கொழித்தல், என்ற வினையிலிருந்து வந்ததென்று சொல்லும் தமிழறிஞர்களும் உண்டு. அந்த வழக்கு முடியாதது. ஆனால் தமிழிலிருந்து லத்தீனுக்குப் போனது என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. பெருமைக்கு வேறு சொற்கள் இருக்கின்றன, அவற்றுக்கு வருகிறேன்.

பழைய சொற்பொருள் நூல்களான நிகண்டுகள் இந்தச் சொற்களையெல்லாம் மரக்கலத்தின் பெயர்கள் என்று ஒரே வரிசையில் அடுக்கிவிடுகின்றன. செய்யுள் எழுதுபவனுக்கு அது வசதி. பொருள் தேடுபவனுக்கு இடைஞ்சல். புலவர்கள் அப்படிக் குழப்பவில்லை. முசிறித் துறைமுகத்தைப் பாடும் பரணர் 'கலந்தந்த பொற்பரிசம் கழித்தோணியால் கரைசேர்க்குந்து' என்கிறார் (புறம் 343). பொன்னைக் கொண்டுவந்தது கலம். அது ஆழம் குறைந்த கழிக்குள் நுழைய முடியாமல் நிற்க, தோணி போய்ச் சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவருகிறது. துறைமுக வேலை முழுவதும் இரண்டே அடிக்குள் அடங்கிவிட்டது.

சிலப்பதிகாரத்தில் இதைவிட நுட்பமான இடம் ஒன்று. வைகைத் துறையில் பரிமுக அம்பி, கரிமுக அம்பி, அரிமுக அம்பி என்று குதிரை, யானை, சிங்க முகம் வைத்த ஓடங்கள் ஓடுகின்றன. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் அவற்றில் ஏறவில்லை. மரப்புணையில் தென்கரை சேர்கிறார்கள். அம்பி ஆறு கடத்தும் ஓடம். புணை வெறும் மிதவை. சிலம்பை விற்கப் போகிறவர்களின் நிலையை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது என்று எனக்குப் படும்.

பஃறி என்ற படகு உள்நாட்டு நீர்வழிக்காரன். பட்டினப்பாலையில் உப்பை விற்று நெல்லோடு திரும்பிய பஃறிகளை, லாயத்தில் குதிரைகளைக் கட்டுவதுபோல் வரிசையாகக் கட்டிவைக்கிறார்கள். திமில் பரதவரின் மீன்பிடிப் படகு. இன்று திமில் என்றால் சல்லிக்கட்டுதான் நினைவுக்கு வரும். சங்கப் பாடல்களில் காளையுடையது இமில்.

கலம் என்ற சொல்தான் இவற்றில் அகலமானது. உண்கலம், அணிகலம், மரக்கலம் எல்லாம் அதற்குள் அடங்கும். பன்னிரண்டு மரக்கால் கொண்ட நெல்லளவும் கலம்தான். இதனால் உரைகாரர்களே பிரிந்தார்கள். 'நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன்' என்ற குறளில் (605), கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலம் என்று பரிமேலழகர் எழுதினார். விரும்பி அணியும் நகை என்று கொள்வாரும் உண்டு. கவிழப்போகும் படகில் ஆசையோடு ஏறுவது எனக்குக் கூடுதல் பொருத்தமாகத் தெரிகிறது.

இவ்வளவு சொற்களையும் ஓரங்கட்டிவிட்டு இன்று ஆள்வது கப்பல். சங்க இலக்கியத்தில் இந்தச் சொல் இல்லை. ஆனாலும் மானம் போனால் கப்பலேறிவிட்டது என்கிறோம். ஒருவர் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தால் கப்பல் கவிழ்ந்துவிட்டதா என்கிறோம். கடல் கடந்தும் போன சொல் இது. மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் கப்பலுக்குக் 'கப்பால்' என்றே பெயர், தமிழிலிருந்து பெற்றது. விமானம் மலாயில் 'கப்பால் தெர்பாங்', பறக்கும் கப்பல். நீர்மூழ்கி 'கப்பால் செலாம்'. வாட்ஸ்அப்பில் சுற்ற வேண்டிய செய்தி இது.

கட்டுமரத்தின் கதை வேறு. மரங்களைக் கயிற்றால் கட்டிய நம் மிதவையின் பெயர், 'கேட்டமரான்' ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. அங்கே அது இரண்டு உடல்களைப் பாலமிட்டு இணைத்த படகுக்குப் பெயராகிவிட்டது. அந்த அமைப்பு பசிபிக் தீவுகளுடையது. எனவே ஆங்கிலச் செய்தியில் வரும் அந்தச் சொல்லைக் கட்டுமரம் என்று திருப்பித் தமிழாக்கினால் பிழை. இரட்டையுடல் படகு என்பதே சரி.

தோணியும் அகராதிக்குள் நிற்காத சொல். அகராதியில் அது சிறுபடகு. தூத்துக்குடியில் தோணி என்பது கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போகும் பெரிய மரக்கலம். இலங்கையிலோ 'கள்ளத்தோணி' என்பது மலையகத் தமிழரை இழிவுபடுத்த வீசப்பட்ட வசைச்சொல்.

புதிய வகைகளுக்குப் பெயரிடும்போது எல்லாவற்றோடும் கப்பலை ஒட்டவைப்பதே வழக்கமாகிவிட்டது: விமானந்தாங்கிக் கப்பல், எண்ணெய்க் கப்பல், இழுவைக் கப்பல். புரிகிறது, தவறில்லை. ஆனால் கப்பல், படகு, மிதவை என எதையும் வகை பிரிக்காமல் குறிக்க வேண்டிய சட்ட ஆவணங்களில் கப்பல் என்று எழுதினால் படகு விடுபட்டுவிடும். அங்கே பொருந்துவது கலம். விண்கலம் என்று வானத்துக்கே அனுப்பிவிட்ட சொல்லைக் கடலுக்குத் தரத் தயங்க வேண்டியதில்லை. பூமிக்கும் விண்வெளிக்கும் போய்ப்போய் வந்த ஊர்திக்கு விண்ணோடம் என்று பெயர் வைத்தவர், கரைக்குக் கரை போய்வரும் ஓடத்தை நன்றாகக் கவனித்தவராகத்தான் இருக்க வேண்டும்.