ப்ளஸ் ஒன் குரூப்பைப் பத்து நிமிடத்தில் முடிவு செய்யாதீர்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் எங்கள் பள்ளி வராந்தாவில் ஒரு மேசை போட்டுவிடுவோம். ப்ளஸ் ஒன் அட்மிஷன். நான் இயற்பியல் முதுகலை ஆசிரியர். பல வருடமாக அந்த மேசையில் உட்காருகிறேன். எதிரே வந்து நிற்கிற அப்பாவோ அம்மாவோ கேட்கும் முதல் கேள்வி இன்றுவரை மாறவில்லை: "சார், எந்த குரூப் நல்ல குரூப்?" பிள்ளை பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மார்க்கைப் பார்ப்போம், எந்தப் பிரிவில் இடம் இருக்கிறது என்று பார்ப்போம், படிவத்தை நீட்டுவோம். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். மேசைக்கு வருவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயங்கள் இவை.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டுக்கும் ஆறு பாடம், 600 மதிப்பெண். தமிழ், ஆங்கிலம் போக நான்கு பாடங்கள்தான் குரூப். அறிவியல் பக்கம் போனால் இயற்பியலும் வேதியியலும் எல்லோருக்கும் உண்டு. மீதி இரண்டு இடத்தில்தான் வித்தியாசமே. கணிதமும் உயிரியலும் எடுத்தால் ஊரில் 'பயோ மேத்ஸ்' அல்லது 'ஃபர்ஸ்ட் குரூப்' என்பார்கள். கணிதமும் கணினி அறிவியலும் என்றால் 'கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்'. கணிதமே வேண்டாம், தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடமாகப் படிக்கிறேன் என்றால் 'ப்யூர் சயின்ஸ்'. நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், மனையியல் மாதிரியான பாடங்களும் திட்டத்தில் இருக்கின்றன. ஆனால் அதற்கான ஆசிரியர் உள்ள பள்ளி பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான ஊர்களில் பிள்ளைக்குக் கிடைப்பது முதலில் சொன்ன மூன்றுதான்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்புக்கு வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் ஒரு தவறான எண்ணத்தோடு வருகிறார்கள். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர வேண்டுமானால் ப்ளஸ் டூவில் கணினி அறிவியல் படித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பொறியியல் கலந்தாய்வுக்கான கட் ஆஃப் 200. அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணினி அறிவியல் மதிப்பெண் அந்தக் கணக்கிலேயே வராது. உயிரியல் படித்த பிள்ளையும் அதே கட் ஆஃபோடு அதே இடத்துக்குப் போகலாம். கணினி பிடித்திருந்தால் தாராளமாக எடுக்கட்டும், நல்ல பாடம். பயந்துபோய் எடுக்க வேண்டியதில்லை.

எனக்கு அதிகம் கவலை தருவது ப்யூர் சயின்ஸ் எடுக்கிற விதம்தான். டாக்டர், நர்ஸ், கால்நடை மருத்துவம், வேளாண்மை என்று விருப்பத்தோடு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது நல்ல பிரிவு. ஆனால் நிறையப் பேர் வருவதற்கு ஒரே காரணம், "கணக்கு வராது சார்". கணக்கிலிருந்து தப்பிக்கலாம் என்று வருகிற பிள்ளையை முதல் மாதமே கணக்கு பிடித்துக்கொள்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

ப்ளஸ் ஒன் இயற்பியல் முதல் தொகுதியில் அளவீட்டியலை முடித்துவிட்டு இயக்கவியலுக்குள் போனால் வெக்டரும் (திசையும் சேர்ந்த அளவு) வகையீடும் (ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்ற கணக்கு) வந்து நிற்கும். திசைவேகம் என்பது இடப்பெயர்ச்சியின் வகையீடு என்று பாடநூல் சொல்லும். கணிதப் பாடத்தில் அந்த வகையீட்டைச் சொல்லித்தரும் வகை நுண்கணிதம் இருப்பதோ இரண்டாம் தொகுதியில். கணித ஆசிரியர் அங்கே வந்து சேர மாதங்கள் ஆகும். அதனால் வருடத்தின் தொடக்கத்திலேயே நான் இயற்பியல் வகுப்பில் கரும்பலகையில் ஒரு வளைகோடு போட்டு, அதன் மேல் ஒரு தொடுகோடு வரைந்து, சாய்வு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவேன். கணிதம் எடுத்த பிள்ளைக்கு அது பின்னால் முறையாக வரும். அன்று புரியாவிட்டாலும் அப்புறம் புரிந்துவிடும். ப்யூர் சயின்ஸ் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுக்கிற அந்த நாலு வகுப்புதான் மொத்தமும். கணிதம் எடுக்காத பிள்ளைக்கு இயற்பியல் சுலபமாவதில்லை, கூடுதல் கஷ்டமாகிறது. இதைப் பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை.

"கணக்கு வராது" என்று ஒரு பிள்ளை சொன்னால் நான் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டும் நம்புவதில்லை. மேசையிலேயே ஒரு தாளைக் கொடுத்து மூன்று விஷயம் கேட்பேன். வேகம் என்பது தூரத்தைக் காலத்தால் வகுப்பது, அப்படியானால் காலத்தைக் கண்டுபிடிக்க என்ன செய்வாய்? சைன் 30 டிகிரி எவ்வளவு? ஒரு நேர்கோட்டின் சாய்வு என்றால் உனக்கு என்ன புரிகிறது? இந்த மூன்றில் இரண்டுக்கு யோசித்தாவது பதில் வந்தால் அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வரும். வராது என்று யாரோ சொல்லிச் சொல்லி நம்ப வைத்திருக்கிறார்கள். 60 மதிப்பெண் வாங்கிய பெண் மூன்றுக்கும் டக்கென்று பதில் சொன்னதையும் பார்த்திருக்கிறேன். 90 வாங்கியவன் மனப்பாடத்தில் வந்தவன் என்று தெரிந்து, ஜூன் மாதம் முழுக்கப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தையே திரும்பப் போட வைத்ததும் உண்டு.

ஒரு பையனை என்னால் மறக்க முடியவில்லை. ப்ளஸ் டூ முடித்து டி.சி. வாங்க வந்தான். கப்பலில் வேலை பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. அவன் மாமா கப்பலில் இருந்தவர். வணிகக் கப்பல் அதிகாரிப் படிப்புகளுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 60 சதவீதம் கேட்பார்கள். இவன் படித்தது ப்யூர் சயின்ஸ். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் 78 வாங்கியவன். "அட்மிஷன் அன்னிக்கு மேத்ஸ் குரூப்ல சீட் இல்லைன்னு இதுல போட்டுட்டாங்க சார், நானும் ஒண்ணும் கேக்கல" என்றான். அன்றைக்கு மேசையில் இருந்தவர்களில் நானும் ஒருவன். உனக்கு என்ன ஆசை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். விமானி உரிமத்துக்கும் இதே கதைதான், ப்ளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். விட்டுப்போன பாடத்தைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தனியாக எழுதலாம். வழி இருக்கிறது, ஆனால் நேரமும் பணமும் அதிகம் போகும்.

மறுபக்கமும் ஒரு வழி திறந்திருக்கிறது. உயிரியல் படிக்காமல் விட்டவர்கள் பின்னால் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. அதை நம்பி இப்போதே உயிரியலை விடுவது புத்திசாலித்தனம் இல்லை. ஏற்கெனவே விட்டவர்களுக்கு அது ஒரு ஆறுதல், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் எல்லோரும் பயோ மேத்ஸ் எடுத்துவிடலாமா? சுமை உண்மையாகவே அதிகம். உயிரியல் என்று ஒரே பெயர் இருந்தாலும் உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டு ஆசிரியர், இரண்டு புத்தகம். கணிதத்தோடு சேர்த்து அதைச் சுமக்கத் தினமும் வீட்டில் உட்கார்ந்து படிக்கிற பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கமும், இன்னும் என்ன படிப்பது என்று முடிவாகாத மனமும் இருக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு இல்லை. எங்கள் பக்கத்துப் பெற்றோர் பலர் கேள்விப்பட்டிராத ஒரு வாய்ப்பும் இதில் உண்டு. திருப்பதி, திருவனந்தபுரம் உட்பட ஏழு இடங்களில் இருக்கும் ஐசர் கல்வி நிறுவனங்களில் அறிவியலை ஆராய்ச்சிக்கென்றே ஐந்து வருடம் படிக்கலாம். அதன் நுழைவுத் தேர்வில் 60 கேள்வி, நான்கு பாடத்திலும் தலா 15. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கையும் பள்ளியிலேயே படித்த பிள்ளை எதையும் புதிதாகத் தொட வேண்டியதில்லை.

இதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும் என்று தோன்றுகிறது: அரசுப் பள்ளியில் பத்து வரை படித்த பிள்ளையை ப்ளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றுவதற்கு முன், கல்லூரி இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை நினைத்துப் பாருங்கள். மருத்துவத்துக்கு 2020லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்றவற்றுக்கு 2021லும் வந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடைசி இரண்டு வருடத்துக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். கோச்சிங் தருகிறோம் என்ற விளம்பரத்தை நம்பி டி.சி. கேட்டு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் பலருக்கு முகம் மாறுகிறது, "இது தெரியாதே சார்" என்கிறார்கள்.

நீட்டில் கிடைக்கவில்லை என்றால் ப்யூர் சயின்ஸ் வீண் என்று வீட்டில் உட்கார்ந்து அழுகிற பிள்ளைகளும் உண்டு. கால்நடை மருத்துவத்தில் நம் மாநில இடங்களுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. மீன்வளப் படிப்புக்கும் அப்படியே. இவற்றுக்கான விண்ணப்பத் தேதியை நீட் ரிசல்ட்டுக்குக் காத்திருந்து தவறவிடுவதுதான் வருடா வருடம் நான் பார்க்கிற கொடுமை.

இந்த வருடம் ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். கணிதத்தில் 64. அம்மா ப்யூர் சயின்ஸ் போதும் என்றார். பெண் ஒன்றும் பேசவில்லை. நான் படிவத்தை எடுக்காமல், ப்ளஸ் ஒன் இயற்பியல், கணிதம், உயிரியல் புத்தகங்களை எடுத்து அந்தப் பெண் கையில் கொடுத்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புரட்டிவிட்டு வா என்றேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். கணிதப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் விரலை வைத்திருந்தாள். முக்கோணவியல் பாடம். "இது பத்தாவதுல படிச்சதுதான் சார், கொஞ்சம் பெருசா இருக்கு" என்றாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு இருவரும் போனார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முன்பே வந்து நின்றார்கள். படிவத்தில் குரூப் என்ற இடத்தில் அந்தப் பெண்ணே தன் கையால் எழுதினாள்.