ரேஷனலைசேஷன்: பகுத்தறிவா, ஆட்குறைப்பா?

ரேஷன் கடை, பள்ளிக் கணக்கில் வரும் விகிதமுறு எண், பகுத்தறிவு. இந்த மூன்றுக்கும் ஆங்கிலத்தில் புழங்கும் சொற்கள் ஒரே வேரில் முளைத்தவை. லத்தீனில் 'ரட்டியோ' என்றால் கணக்கு. கணக்குப் பார்த்து அளந்து கொடுக்கும் பங்கு 'ரேஷன்' ஆயிற்று. ஓர் எண்ணை இன்னோர் எண்ணோடு வைத்துப் பார்ப்பது 'ரேஷியோ' ஆயிற்று. ஆராய்ந்து பார்க்கும் அறிவு 'ரீசன்' ஆயிற்று. கணக்கும் சிந்தனையும் ஒரே சொல்லிலா என்று நாம் ஆச்சரியப்படத் தேவையில்லை. நம்முடைய 'எண்ணு' அப்படித்தானே? காசையும் எண்ணுகிறோம், நாளைக்கு என்ன செய்வது என்றும் எண்ணுகிறோம்.

அந்தக் குடும்பத்தில் பிந்திப் பிறந்த பிள்ளை 'ரேஷனலைசேஷன்'. உளவியலில் இதற்கு ஒரு பொருள் உண்டு: ஏதோ ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, அதற்குப் பொருத்தமான காரணத்தைப் பிறகு ஜோடிப்பது. 1908இல் உளப்பகுப்பாய்வாளர் எர்னஸ்ட் ஜோன்ஸ் இந்தப் பொருளில் எழுதினார். நாம் பேசப்போவது அதை அல்ல, இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே தொழிற்சாலைகளில் புழங்கிய பொருளை: வீண் போகாதபடி தொழிலை மாற்றியமைப்பது. ஆனாலும் உளவியல் பொருளை ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தொழில்துறைப் பொருளில் இந்தச் சொல் முதலில் கொடிகட்டிப் பறந்தது ஜெர்மனியில். போரில் தோற்று, லொரேன் இரும்புத்தாதுப் பகுதியை இழந்து, 1923இல் பணவீக்கத்தில் மூழ்கி எழுந்த நாடு அது. 1924இல் போர் இழப்பீட்டுத் தவணைகளை ஒழுங்குபடுத்திய டாஸ் திட்டத்தோடு அமெரிக்கக் கடன் வந்தது. கூடவே அமெரிக்க ஆசையும் வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தை அளந்து பார்க்கும் டெய்லரின் முறையும், கார்களை நகரும் வரிசையில் வைத்துப் பூட்டும் ஃபோர்டின் முறையும் அங்கே பெரிய பேச்சு. இருக்கும் எந்திரத்தையும் ஆளையும் எப்படி வீணில்லாமல் பயன்படுத்துவது என்று ஆராய 1921இலேயே அரசு ஆதரவோடு ஒரு தேசியக் குழு அமைந்துவிட்டது. நட்டு, போல்ட் முதல் காகிதம் வரை அளவுகளை ஒன்றாக்கினார்கள். இன்று ஜெராக்ஸ் கடையில் நாம் கேட்டு வாங்கும் ஏ4 தாள் 1922இல் ஜெர்மனி வகுத்த அளவுதான்.

பிறகு பெருங்கம்பெனிகளின் இணைப்பு. 1925இல் சாய, இரசாயன நிறுவனங்கள் சேர்ந்து ஐ.ஜி. ஃபார்பன், மறு ஆண்டில் எஃகு ஆலைகள் சேர்ந்து ஒரு பூதம். பிரிட்டனிலும் 1926இல் ஆல்ஃப்ரட் மோண்ட் முன்னின்று நான்கு நிறுவனங்களை இணைத்து ஐ.சி.ஐ.யை உருவாக்கினார். 1927 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலகப் பொருளாதார மாநாடு இந்தச் சொல்லுக்கு இலக்கணமே வகுத்தது: உழைப்பும் மூலப்பொருளும் மிகக் குறைவாக வீணாகும்படி உற்பத்தியையும் நிர்வாகத்தையும் அமைப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யார் மறுப்பார்கள்?

பிரிட்டனில் இறங்கியதும் சொல்லின் குணம் மாறியது. அங்கே சிக்கல் எந்திரம் போதாமை அல்ல, எந்திரம் மிஞ்சிப்போனது. 1913இல் சுமார் 700 கோடி கஜம் பருத்தித் துணியை ஏற்றுமதி செய்த நாடு அது. வாங்கிய நாடுகளில் முதலிடம் இந்தியாவுக்கு. பம்பாய், ஆமதாபாத் ஆலைகளும், ஜப்பான் துணியும், சுங்கவரியும், அந்நியத் துணிப் புறக்கணிப்பும் சேர்ந்து அடித்த அடியில், 1938இல் அந்த ஏற்றுமதி 150 கோடி கஜத்துக்கும் கீழே போய்விட்டது. பருத்தித் தொழிலின் மையமான லங்காஷயரில் நூல் நூற்கும் கதிர்கள் சும்மா நின்றன. 1929இல் பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் ஆதரவோடு லங்காஷயர் காட்டன் கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டது. நலிந்த ஆலைகளை வளைத்துப் போட்டு, லட்சக்கணக்கான கதிர்களைக் காயலான் கடைக்கு அனுப்பியது. அதுவும் போதாமல் 1936இல் உபரிக் கதிர்களை வாங்கி உடைக்கவே ஒரு சட்டம் போட்டார்கள்.

கப்பல் கட்டும் தொழிலில் இன்னும் விசித்திரம். 1930இல் முதலாளிகளே கூடி ஒரு கம்பெனி தொடங்கினார்கள். கப்பல் விற்றால் விலையில் 100க்கு 1 வீதம் அதற்குக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் நலிந்த பட்டறைகளை வாங்கி மூடுவதுதான் அதன் வேலை. 1934இல் வடகிழக்கு இங்கிலாந்தில் உள்ள ஜாரோ ஊரின் பால்மர்ஸ் பட்டறை அப்படி வாங்கப்பட்டது. 40 ஆண்டுகளுக்கு அங்கே கப்பல் கட்டக் கூடாது என்பது நிபந்தனை. ஊரே அந்த ஒரு பட்டறையை நம்பி இருந்தது. 1936 அக்டோபரில் 200 ஆண்கள் லண்டனுக்கு நடந்தே போய் மனுக் கொடுத்தார்கள். அவர்களோடு நடந்த உள்ளூர் எம்.பி. எலன் வில்கின்சன். மூடுவதற்கு 'ரேஷனலைசேஷன்' என்று பெயர் வைத்ததில் ஓரமாக வைத்த அந்த உளவியல் பொருளும் எட்டிப் பார்க்கிறது அல்லவா?

நம் பக்கம் இந்தச் சொல் வந்தது ஆலை வாசல் வழியாக. பம்பாயில் இரண்டு தறி பார்த்தவரை மூன்று தறி பார்க்கச் சொன்னார்கள், நூற்பு எந்திரத்தில் ஒரு பக்கம் பார்த்தவருக்கு இரண்டு பக்கம். 1928 ஏப்ரலில் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் வரை நீண்டது, சுமார் ஒன்றரை லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் தென்னிந்திய ரயில்வேயில், பணிமனைகளைப் பொன்மலையில் ஒருங்கிணைத்ததையொட்டி எழுந்த ஆட்குறைப்பு வேலைநிறுத்தத்தில் முடிந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான சிங்காரவேலர் சிறைக்குப் போனார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பகுத்தறிவாக்கம்' என்று சிலர் எழுதுகிறார்கள். வேருக்கு உண்மையாக இருக்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் பகுத்தறிவு என்றதும் நினைவுக்கு வருவது வேறு இயக்கம், வேறு மேடை. மில் மூடியதைப் பகுத்தறிவு என்றால் மில்காரர் சிரிப்பார். 'சீரமைப்பு' பரவாயில்லை, ஆனால் சாலை, கோயில், வரி என்று எதற்கும் ஒட்டும் சொல். பள்ளிக் கல்வித் துறையின் 'பணி நிரவல்' அருமையான ஆட்சிச் சொல். உபரி ஆசிரியரை ஆள் இல்லாத பள்ளிக்கு மாற்றுவதை அது கச்சிதமாகச் சொல்கிறது. ஆனால் அதில் யாருடைய வேலையும் போவதில்லை, இங்கே போகிறது. தொழிற்சங்கங்கள் சொல்லும் 'ஆட்குறைப்பு' விளைவைச் சொல்கிறது, முறையைச் சொல்லவில்லை.

என் தேர்வு இரண்டு சொற்கள். ஜெனீவா மாநாடு சொன்ன பொருளுக்குச் 'செட்டாக்கம்'. செட்டு என்றால் வீணில்லாத சிக்கனம். செட்டாகக் குடும்பம் நடத்துகிறாள் என்கிறோமே, அந்தச் செட்டு. லங்காஷயரிலும் ஜாரோவிலும் நடந்ததற்குக் 'கழித்துக்கட்டல்'. கழித்தல் என்பதால் இதில் லத்தீன் வேரில் உள்ள கணக்கும் இருக்கிறது. ஆகவே, ஜெர்மனி 1922இல் காகித அளவைச் செட்டாக்கியது என்று எழுதலாம். 1934இல் பால்மர்ஸ் பட்டறை கழித்துக்கட்டப்பட்டது என்றும் எழுதலாம்.